சாளுவன்குப்பத்துப் பாறை

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மீண்டும் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதில் மிக்க மகிழ்ச்சி. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாளுவன்குப்பத்துக்குப் போயிருந்தேன். கல்லூரி நாட்களில் நாம் இருவரும் அங்கே புலிக்குகையின் யாளி முகங்களை வியந்து பார்த்துவிட்டு, அருகிலிருந்த மணல்மேட்டைப் பொருட்படுத்தாமல் திரும்பியது நினைவிருக்கிறதா? அந்த மேட்டுக்குள் ஒரு முருகன் கோயில் இருந்திருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபோது, அங்கிருந்த பாறையொன்றில் எழுத்துகள் வெளிப்பட்டன. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், அதாவது நம் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்று குறிக்கும் அரசன், காலத்துக் கல்வெட்டு அது. திருவீழ்ச்சில் என்னும் ஊரின், அதாவது இன்றைய சாளுவன்குப்பத்தின், சுப்பிரமணியர் கோயிலைச் சொல்வது. பாறை இங்கிருக்க, கோயில் எங்கே என்ற கேள்விதான் கல்வெட்டறிஞர் ச. இராசவேலுவை அந்த மேட்டின்பால் திருப்பியது. 2005இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானமும், அதற்கும் அடியில் பெரிய செங்கற்களால் கட்டிய, வடக்கு நோக்கிய பழைய கோயிலும் கிடைத்தன. பழைய கருவறையை இடித்து அகற்றாமல், மணலால் நிரப்பிக் கற்பலகைகளால் மூடி, அதன் மேலேயே பல்லவர் எழுப்பியிருக்கிறார்கள். எதிரே கல்லால் ஆன வேல் ஒன்று நிற்கிறது. விளக்கெரிக்கப் பொன் கொடுத்தவர்களின் செய்தி தூண்களில் இருக்கிறது.

செங்கற்களின் அளவைக் கொண்டு அடிப்பகுதியைச் சங்க காலத்தது என்று அகழ்ந்தவர்கள் கணித்தார்கள். அதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. தமிழகத்தின் மிகப் பழைய முருகன் கோயில் என்று எடுத்த எடுப்பில் முழங்குவதில் எனக்கும் தயக்கமே. செங்கல்லின் அளவு ஒன்றே காலத்தை அறுதியிட்டுவிடாது. ஆனால், கடல் மூடிய இடத்திலேயே மறுபடியும் கட்டினார்கள் என்பது என்னை விடாமல் பற்றியிருக்கிறது. மணற்படிவுகளைக் கொண்டு கடல் சீற்றமே முன்னைய கோயிலை அழித்தது என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவ்வாறாயின், மூடியதும் கடல், காட்டிக்கொடுத்ததும் கடல்.

அங்கேயே பாறையைக் குடைந்து பல்லவர் அமைத்த அதிரணசண்டன் குடைவரைக் கோயிலையும் மறுபடி பார்த்தேன். ஒரே செய்தியைக் கிரந்தத்தில் ஒரு சுவரிலும் நாகரியில் எதிர்ச்சுவரிலும் பொறித்திருப்பதை, வடமொழி கற்ற தாங்கள் அருகிருந்து படித்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் வர இயலுமா? உச்சிவெயிலில் எழுத்துகள் கண்ணுக்கே தெரிவதில்லை. காலைச் சாய்வெயிலில்தான் பள்ளங்களில் நிழல் விழுந்து அவை எழுகின்றன. ஆகவே முந்தின நாள் மாலையே வந்து தங்கிவிடுங்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்