ஸ்கேனரில் கோளாறுக் கோடு வந்தால் உடனே பாகத்தை மாற்றிவிடுவதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய காடி (கார்) வாங்கி, அது ஒரு நாள் விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணி, ஓர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு பாகமாக மாற்றி மாற்றிக் காசு கரைந்த கதை நம் தோட்டப்புறப் பையன்கள் பல பேரிடம் இருக்கும். என் அக்கா மகனிடமும் இப்போது ஒன்று இருக்கிறது. அதை எழுதி வைத்தால் அடுத்தவனுக்காவது ஒரு மாதச் சம்பளம் மிஞ்சுமே என்றுதான் எழுதுகிறேன். நான் ஃபோர்மேன் (கார் மெக்கானிக்) இல்லை. செம்பனை ஆலையில் 27 வருஷம் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மோட்டார் ஓடவில்லையா, முதலில் மீட்டரை எடு, அப்புறம் ஸ்பேனரை எடு என்று பழகிய கை.

பையன் ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எங்கள் வாய்தான் இன்னும் மாறவில்லை) 5.30 மணிக்காவது கிளம்பினால்தான் ஷிஃப்டுக்குப் போய்ச் சேர முடியும். பஸ்ஸை நம்ப முடியாது. 9,500 வெள்ளிக்கு 2009-ஆம் ஆண்டுக் காடி ஒன்றை வாங்கினான். இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுத்துகிறது, பிடிக்கவில்லை. 10 மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிட்டது. வாரம் ஒரு தடவை இப்படி, அப்புறம் வாரம் மூன்று தடவை.

ஓர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததும் பி0335 என்று கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண், வந்திருக்கிறது. இஞ்சின் சுத்துவதைக் காடியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் க்ராங்க் சென்சார் போச்சு என்று சொல்லிப் புதுசு போட்டார்கள், 180 வெள்ளி. காடி ஓடியது, பத்து நாளில் மறுபடியும் படுத்தது. பெட்ரோல் பம்ப், 320 வெள்ளி. மறுபடியும். பேட்டரி, 230. கடைசியில், "மாமா, கம்ப்யூட்டரே போச்சாம், ஹாஃப்-கட் கடையில் பழசு 1,200-க்குக் கிடைக்குமாம்" என்று போன் பண்ணினான். பழைய காடிகளை வெட்டிப் பாகம் விற்கும் கடை அது. நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கொடுத்தும்விட்டான். அதை மாட்டியதும் காடி சுத்தமாகச் செத்துவிட்டது, டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மட்டும் மினுக் மினுக் என்று மின்னிக்கொண்டிருந்தது.

அது ஏன் மின்னியது தெரியுமா? இமொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்கும் காடிகளில் சாவிக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதன் எண் கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தெரிந்திருந்தால்தான் இஞ்சின் பிடிக்கும். வேறொரு காடியில் இருந்து கழற்றிய பெட்டிக்கு இந்தச் சாவியைத் தெரியாது, திருடன் வந்திருக்கிறான் என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும். பெட்டியை மாற்றினால் சாவியையும் அதோடு சேர்த்துப் பதிய வேண்டும், இது கூடவா தெரியாமல் 1,200 வெள்ளி வாங்குவார்கள்?

நான் பார்க்கப் போன அன்று முதல் வேலையாகப் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டச் சொன்னேன். சாவி விளக்கு அணைந்தது. அடுத்து மீட்டரைப் பேட்டரியில் வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட், சாவியைத் திருப்பி இஞ்சின் சுத்தும்போது 10.8. நல்ல பேட்டரிக்கு நிறுத்தத்தில் 12.6 பக்கம் இருக்க வேண்டும், சுத்தும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. ஆக, பேட்டரி பக்கம் பிரச்சினை இல்லை. சாவியை ஆன் மட்டும் செய்து பின் சீட்டில் காதை வைத்தேன், பம்ப் ஊங் என்று இரண்டு விநாடி இரைந்து நின்றது. பம்புக்குக் கரண்ட் போகிறது. அப்புறம் பையனைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, இஞ்சின் எத்தனை சுற்று சுத்துகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல காடிகளில் இஞ்சின் சுத்தும்போது அந்த முள் கொஞ்சமாவது துடிக்கும். இதில் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தது. அதாவது இஞ்சின் சுத்துகிற சேதியே பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை. சேதி போகாவிட்டால் ஸ்பார்க்கும் விடாது, பெட்ரோலும் பீச்சாது.

சென்சாரோ புதுசு. அப்படியானால் மிச்சம் இருப்பது வயர்தானே. சென்சார் ப்ளக்கிலிருந்து பெட்டி ப்ளக் வரை ஒரு வயருக்கு ஓம்ஸ் பார்த்தேன், சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டியது. கியர்பாக்ஸ் பக்கம் வயர்க் கட்டைப் பிடித்து லேசாக ஆட்டினேன், தொடர்பே அறுந்துவிட்டது என்று மீட்டர் காட்டியது. கறுப்பு டேப்பைப் பிரித்தால் உள்ளே எலி கடித்த பல் தடம், தோல் உரிந்த செம்பு பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே கொறித்துப் போட்ட செம்பனைக் கொட்டை ஒன்று! இங்கே இருந்து கொஞ்ச தூரத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது, 1917-ல் நம் நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்ட தோட்டம். நூறு வருஷத்துக்கு மேலாக எலிக்கு விருந்து வைத்த ஊர் இது. எலி பிடிக்கத் தோட்டத்தில் ஆந்தைக்குப் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) ஓரத்தில் ராத்திரி நிற்கும் காடிக்குள், சூடான இஞ்சின் பக்கத்தில், அந்த எலி வந்து உட்காராமல் எங்கே போகும்? வெட்டி, சால்டரிங் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். பத்து வெள்ளிகூட ஆகவில்லை. முள் துடித்தது, காடி பிடித்தது, நாலு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு பாகத்தை மாற்றியபோதும் ஏன் சில நாள் ஓடியது என்று பையன் கேட்டான். சென்சாரை மாற்றக் கை விட்டபோது வயர் அசைந்திருக்கும். லாரியில் ஏற்றிக் குலுக்கிக் கொண்டுபோனபோது அசைந்திருக்கும். அந்த நாலு இழையும் ஒட்டிக்கொண்டால் ஓடும், காலைப் பனி ஈரத்தில் விட்டுப்போனால் நின்றுவிடும். ஃபோர்மேன் தன் கைவேலை பலித்தது என்று நினைத்துக்கொண்டார், அவர் ஏமாற்றினார் என்றும் நான் சொல்ல வரவில்லை.

என் சண்டை அந்தக் கோடை வாசிக்கிற விதத்தோடுதான். பி0335 என்றால் க்ராங்க் சென்சார் கெட்டுப்போச்சு என்று அர்த்தம் இல்லை, அந்தச் சென்சாரின் சர்க்கியூட்டில் கோளாறு என்றுதான் அர்த்தம். சர்க்கியூட் என்றால் சென்சார், ப்ளக், வயர், பெட்டி எல்லாம் சேர்ந்தது. ஸ்கேனர் எந்த லயம் என்று காட்டும், எந்த வீடு என்று நாம்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். தட்டுவதற்கு மீட்டர் வேண்டும், 30, 40 வெள்ளிக்கு ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கிறது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லது என்று பார்க்கிற சில மூத்த ஃபோர்மேன்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்தில் சரி. இன்றைய காடியில் அப்படிக் கழற்றினால் வோல்ட் சர்ரென்று ஏறி நல்ல பெட்டியையே கொன்றுவிடலாம். ஓடும்போது பேட்டரியில் மீட்டரை வைத்து 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?

சரி, பணத்தைத் திரும்பக் கேட்கலாமே என்று பலர் சொன்னார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். இது நம்மவர்கள் பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் கையில் என்ன இருக்கிறது? "ரிப்பேர் 1,200" என்று பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டு. பெட்டி என்றுகூட எழுதவில்லை.

அதனால் டவுனில் ஓர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். எதை மாற்றினீர்கள், மாற்றுவதற்கு முன் மீட்டரில் என்ன காட்டியது என்று பில்லில் ஒரு வரி எழுதுங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் காடிக்காரனிடமே கொடுங்கள். காடிக்காரர்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். அளந்து பார்த்ததற்குக் கூலி கேட்டால் கொடுங்கள், 50 வெள்ளி என்றாலும் கொடுங்கள், அதுவும் வேலைதானே. சும்மா பார்த்துக் கொடு, பாகத்துக்கு மட்டும் காசு தருகிறேன் என்று நாமே பழக்கிவிட்டதால்தான் அவர்களும் பாகத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த 1,200 வெள்ளிப் பெட்டி இப்போது அக்கா வீட்டில் அரிசி டின் மேல் இருக்கிறது. மின்சாமான் விற்றால் திரும்ப எடுக்கமாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அதே மாடல் காடி வைத்திருப்பவர் யாருக்காவது தேவைப்பட்டால் பாதி விலைக்குத் தரலாம் என்று பையன் சொல்கிறான். வாங்க வருகிறவர் முதலில் தன் காடியில் வயர்க் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு வரட்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை வயர்மேன்,
பத்தாங் பெர்ஜுந்தை, சிலாங்கூர்.