மீனுக்கு முளைக்கிறது, அப்பாவுக்கு?

ஆசிரியருக்கு,

'காது கேளாமைக்கு மீனிடம் மருந்து' என்ற உங்கள் கட்டுரையைப் பார்த்துவிட்டு, முன்பு காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக் காது போன என் அப்பா "எப்ப கடைக்கு வருமாம்?" என்று கத்திக் கேட்டார், பதிலைத் தாளில் எழுதிக் காட்டினேன்: இப்போதைக்கு இல்லை.

கட்டுரையில் பாதிதான் இருந்தது. ஜீப்ரா மீனுக்கு, நம் உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் போன்றவை, நீரின் அசைவை உணரும் உடலோரப் பக்கக்கோட்டில் வெளியிலேயே இருக்கின்றன. நீரில் ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்தான நியோமைசினைக் கலந்தால் அந்தச் செல்கள் சில மணி நேரத்தில் செத்துவிடும், இரண்டு மூன்று நாளில் திரும்ப முளைத்தும் விடும். மயிர்ச்செல்களைச் சுற்றித் தாங்கி நிற்கும் தாங்கு செல்கள் இரண்டாகப் பிரிந்து, அவற்றில் மயிர்ச்செல்லை உருவாக்கும் ஏட்டோ1 மரபணு விழித்துக்கொள்ள, புது மயிர்ச்செல் தயார். இந்தப் பிரிதலை இருவகைத் தாங்கு செல்களில் செல் பிரிவதைத் தூண்டும் இரண்டு வேறு சைக்ளின்-டி மரபணுக்கள் நடத்துகின்றன என்று அமெரிக்காவின் ஸ்டவர்ஸ் ஆய்வு நிலையம் 2025-இல் காட்டியது, அழகான வேலை.

சரி, அதே ஏட்டோ1 நம்மிடமும் இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் கருவிலேயே தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அப்புறம் நம் தாங்கு செல்கள் பிரிவதில்லை. காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள், போனால் போனதுதான். மனிதக் காதில் அந்த மரபணுவைச் செலுத்திப் பார்க்கும் சோதனை 2014-இலேயே தொடங்கியது, இன்றுவரை மருந்தாகவில்லை.

இதற்குப் பதிலாக, அதே வகை மருந்துகளான ஜென்டாமைசின், அமிகாசின் ஊசி தொடர்ந்து போடும்போது காதில் இரைச்சல் கேட்டால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள் என்று நாலு வரி போட்டிருக்கலாம். அப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

— ஒரு வாசகர்