கேள்வியைத் தனியே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர் நான். நெஞ்சுவலியோடு வரும் ஆணுக்கு, நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைக் கொடுக்குமுன், விறைப்புக் குறைபாட்டுக்கு ஏதேனும் மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டாக வேண்டும். ஒரு பக்கம் மனைவியும் மறுபக்கம் மகனும் நிற்க, அதற்கு 'ஆமாம்' என்று சொன்னவர்களை அரிதாகவே பார்த்திருக்கிறேன். அண்மையில் ஒருவர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். இருவரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டதும், "நேற்று ராத்திரி டாடலாஃபில் ஒன்று போட்டேன், அதன் வேகம் எப்போதோ போயிருக்குமே" என்றார்.

போயிருக்காது என்பதே சிக்கல். நைட்ரேட் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி, ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் வேதிப்பொருள் ஒன்றைப் பெருக்குகிறது; சில்டெனாஃபில், டாடலாஃபில் போன்ற விறைப்பு மாத்திரைகளோ அதே பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடுகின்றன. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து, ஏற்கெனவே ரத்தம் போதாமல் தவிக்கும் இதயத்துக்கு இருந்ததும் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்கும், டாடலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பதே பொது விதி. (1998இல் விற்பனைக்கு வந்த சில்டெனாஃபில், முதலில் நெஞ்சுவலி மருந்தாகத்தான் ஆராயப்பட்டது என்பது வேடிக்கை.) அன்றாடம் நைட்ரேட் சாப்பிடுபவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது, நெஞ்சுவலிக்கான இன்னொரு மருந்தாகிய நிக்கோராண்டில் சாப்பிடுபவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

இதயநோயாளி எவருமே இவற்றைத் தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அம்லோடிபின், அட்டெனலால் போன்ற இதய, ரத்த அழுத்த மருந்துகளோடு சாப்பிட இத்தகைய முழுத் தடை கிடையாது. மருத்துவர் பார்த்து முடிவு செய்யலாம். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு இதய மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அது வேறொரு ஆபத்து. 'மூலிகை' என்ற பெயரில் விற்கப்படும் வீரிய மாத்திரைகள் சிலவற்றில் சில்டெனாஃபில் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அவற்றைச் சாப்பிட்டவர் நேர்மையாகவே 'இல்லை' என்பார். ஆகவே அதையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நைட்ரேட் எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள், நோயாளி கேட்கட்டும் என்று காத்திராமல், தனியே வைத்து இதைச் சொல்லிவிட வேண்டும். விறைப்பு மாத்திரை போட்டவருக்கு நெஞ்சு வலித்தால், வீட்டிலிருக்கும் நைட்ரேட்டை நாக்கின் அடியில் வைக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழைத்து, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை எங்களிடம் சொன்னால் போதும். வேறு மருந்துகளால் சமாளிக்க முடியும். அன்று வந்தவர், மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்