அப்பா ஆடினேன், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா நலம். சுகர் மாத்திரை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் சிரித்தே பாதியில் நிறுத்திவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்: போன சனிக்கிழமை ராத்திரி நான் டான்ஸ் ஆடினேன்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் இழுத்துப்போனார். "லஃபயெட்டில் இத்தனை வருஷம் இருந்துகொண்டு ஒரு கேஜன் பாட்டுக்குக்கூடக் கால் அசைத்ததில்லையா?" என்று மானத்தை வாங்கிவிட்டார். கேஜன் என்றால் இங்கே லூசியானாவில் பிரெஞ்சு பேசிய வெள்ளைக்காரக் குடியேறிகளின் வழிவந்தவர்கள். ப்ரோ பிரிட்ஜ் பக்கம், மரத்தரை போட்ட ஒரு பழைய மண்டபம்.

காரில் போகும்போது அமெடே ஆர்த்வானைப் பற்றிச் சொன்னார். கிரியோல், அதாவது இங்கே பிரெஞ்சு பேசிய கறுப்பின மக்களில் ஒருவர்; அக்கார்டியன்காரர். 1929-லேயே டென்னிஸ் மெக்கீ என்ற வெள்ளைக்கார ஃபிடில்காரரோடு இசைத்தட்டு போட்டவர். கேஜன்காரர்கள் இன்றைக்கும் வாசிக்கிற எத்தனையோ பாட்டு ஆர்த்வானிடமிருந்து வந்ததுதான். ஒரு ஆட்டத்தில் வியர்த்துக் கொட்டியபோது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கைக்குட்டை கொடுத்தாளாம். அதற்காகவே அவரை வெளியே பிடித்து அடித்துப் போட்டார்கள் என்பது ஊர்ப்பேச்சு. 1942-ல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்துபோனார்.

முதலில் கேஜன் பேண்ட். பத்துப் பட்டன் வைத்த சின்ன அக்கார்டியன், ஃபிடில், கிட்டார், ஒரு பையன் கையில் இரும்பு முக்கோணம். அந்தக் காலத்தில் வைக்கோல் வாரியின் பல்லை வளைத்து அதைச் செய்வார்களாம். அந்த அக்கார்டியனில் ஒரே பட்டனுக்குத் துருத்தியை இழுத்தால் ஒரு ஸ்வரம், தள்ளினால் வேறொன்று. அதனால் பாட்டே மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கிறது.

இப்படிக் கூடி ஆடுவதற்கு 'ஃபே டோ-டோ' என்று பெயர். குழந்தையிடம் 'தூங்கு' என்று சொல்கிற வார்த்தையாம். முன்னெல்லாம் பிள்ளைகளைப் பக்கத்து அறையில் கிடத்திவிட்டு வந்து ஆடுவார்களாம். உனக்கு 16 வயதில் நான் சொன்னதும் அதுதானே? தோழிகளோடு ஸைடிகோ ஆடப் போகணும் என்று கேட்டாய். "பேசாமல் போய்த் தூங்கு" என்றேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மா தட்டோடு உன் அறை வாசலில் நின்றது நினைவிருக்கிறது.

இரண்டாம் பாதி அந்த ஸைடிகோதான். இது கிரியோல் மக்களுடையது. பிரெஞ்சில் பீன்ஸைக் குறிக்கும் 'லே ஸாரிகோ'தான் அப்படித் திரிந்தது என்கிறார்கள். கூடச் சேர்த்து வேகவைக்க உப்புக்கண்டம்கூட இல்லாத ஏழை வீட்டு பீன்ஸ். ஒருவர் நெளிதகரத்தைச் சட்டை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு, பாட்டில் திறக்கும் கொக்கிகளால் நெஞ்சையே தேய்த்துத் தேய்த்துத் தாளம் போட்டார். 1946-ல் கிளிஃப்டன் ஷெனியே என்ற ஸைடிகோ கலைஞர் யோசனை சொல்லிச் செய்யவைத்த வடிவமாம் அது. சத்தம் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

எழுபது வயது இருக்கும், ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து கை நீட்டினார். "முட்டியைத் தளர்த்து, காலைத் தூக்காதே, தரையோடு விடு" என்றார். மண்டபமே இடப்பக்கமாகச் சுற்றுகிறது, நின்றால் பின்னால் வருபவர் இடிப்பார். என் ரப்பர் ஷூ தரையில் ஒட்டி ஒட்டி மானம் போனது. தாத்தா ஒருவர் பேத்தியைத் தன் பாதத்தின் மேல் நிறுத்தி ஆடிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு அவரவர் வழியில் போகிறார்கள். நான் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன்.

முடிந்ததும் அந்த அம்மா ஒரு பேப்பர் நாப்கினை நீட்டினார். நெற்றி அப்படி வியர்த்திருந்தது. ஒரு நொடி கை நின்றது பாப்பா. அப்புறம் வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. நம் நிறத்தோடு, ராத்திரியில், தெரியாத இடத்தில் நீ. எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

நேற்றுக் கடைக்குப் போய்த் தோல் அடிப்பாகம் வைத்த ஷூ வாங்கினேன். இங்கே எல்லோரும் அதில்தான் ஆடுகிறார்கள். டிசம்பரில் வருகிறாய் அல்லவா, உன் சைஸ் இன்னும் ஏழுதானா? எழுது.

அன்புடன்,
அப்பா