பல்லாங்குழி பார்சலில் வருகிறது

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. பாலக்கோட்டிலிருந்து நேற்று ஒரு பார்சல் போட்டிருக்கிறேன். உன் ஆயா வைத்திருந்த மரப் பல்லாங்குழி, ஒரு டப்பா புளியங்கொட்டை, ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை. இந்த வருஷம் புளி தட்டும்போதே பெரிய கொட்டையாகப் பொறுக்கிக் கழுவிக் காயவைத்துவிட்டேன்.

வேலை முடிந்து வந்து சமைக்கிற நேரத்தில் போனைக் கொடுத்தால்தான் பையன் ஓரிடத்தில் இருக்கிறான் என்று சொன்னாய். உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பது லேசான வேலை இல்லை. அந்த நேரத்துக்குப் பல்லாங்குழி உதவாது, அதற்கு எதிரே உட்கார ஒரு ஆள் வேண்டும். நான் கேட்பது சாப்பிட்ட பிறகு ஒரு அரை மணி நேரம். நீயோ மாப்பிள்ளையோ அவனோடு தரையில் உட்காருங்கள். பிள்ளைக்கு வேண்டியது அந்த ஆள்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதைப் படித்தேன். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் டிவி, போன் முன்னால் உட்காரவைக்கக் கூடாதாம், குறைத்தால் இன்னும் நல்லதாம். பாப்பாவுக்கு இப்போதுதான் இரண்டு முடிந்திருக்கிறது. அண்ணன் பார்த்தால் அவளும் சேர்ந்துதானே பார்ப்பாள்?

அவன் போனிலேயே லூடோ ஆடுகிறான் என்று சொன்னாய். அதில் போனே பகடை போடுகிறது, போனே காயை நகர்த்துகிறது. தாயத்தில் ஒரு கட்டையில் மூன்று, இன்னொன்றில் இரண்டு விழுந்தால் ஐந்து என்று அவன்தான் கூட்ட வேண்டும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம், அதாவது ஒன்று, விழாமல் காய் இறங்காது. அதுவரைக்கும் அடுத்தவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பாடம். போனில் தோற்றால் ஒரு தட்டுத் தட்டிப் புது ஆட்டம் ஆரம்பித்துவிடலாம். உன் காய் அவன் காயை வெட்டினால் அழுகை வரும். வரட்டும், மடியில் வைத்துச் சமாதானம் பண்ணு. அந்தக் காயை மட்டும் திருப்பிக் கொடுக்காதே.

அவனுக்காக நீ வேண்டுமென்றே தோற்க வேண்டியதில்லை. தாயத்தில் பாதி கட்டையின் கையில்தான் இருக்கிறது, பொடிசும் பெரியவரை நியாயமாகவே ஜெயிக்கலாம். அதனால்தான் இந்த வயதுக்குத் தாயத்தைச் சொல்கிறேன். சாக்பீஸால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டால் போதும், பெரிய கட்டம் இப்போது வேண்டாம், சலித்துப் போவான்.

பல்லாங்குழியில் பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து கொட்டை. குழியில் நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்வது உனக்கு மறந்திருக்காது. முதலில் கொட்டையைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுப் பழகட்டும், மற்ற விதியெல்லாம் அப்புறம். தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் கையில் இருப்பதை வைத்து எத்தனை குழியை நிரப்ப முடியுமோ அத்தனையோடுதான் ஆட வேண்டும். நாலு குழியை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல எழுந்து வருகிற ஆட்டத்தை அவன் ஒரு தடவையாவது ஆடிப் பார்க்கணும். ஆயாவோடு நீ அப்படி ஆடுவாய், இருட்டினாலும் எழுந்திருக்க மாட்டாய்.

ஆடு புலி ஆட்டம் லீவுக்கு இங்கே வந்ததும் அப்பா சொல்லிக் கொடுப்பார். மூன்று புலி, பதினைந்து ஆடு. முதலில் புலியை அவனிடம் கொடுக்க வேண்டும். ஆட்டைத் தாண்டி வெட்டுகிற சந்தோஷத்தில் ஆட்டம் பிடித்துப்போகும். ஆடு வைத்திருப்பவர் ஒவ்வொன்றாக இறக்கி, பொறுமையாக வழி அடைத்து, புலி நகர முடியாமல் கட்ட வேண்டும். அந்த நிதானம் வர ஏழெட்டு வயதாகும். பழைய கோயில் கல்தரையில் இந்தக் கோடுகளைக் கீறி வைத்திருப்பதை அவனுக்கும் காட்டலாம்.

ஆடுகிற நேரத்தில் உங்கள் போனும் பக்கத்தில் இருக்க வேண்டாம், இன்னொரு அறையில் வைத்துவிடுங்கள். அவன் யோசித்துக் காயை வைக்கும்போது நீ போனைப் பார்த்தால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

பாப்பா விஷயத்தில் ஜாக்கிரதை. கொட்டை கைக்கு எட்டினால் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வாள். அவள் தூங்கின பிறகு ஆடுங்கள். முடிந்ததும் டப்பாவில் போட்டு மேல் அலமாரியில் வைத்துவிடு. மொத்தம் எழுபது கொட்டை. எண்ணிப் போடுகிற வேலையை அவனிடமே கொடு.

அன்புடன்,
அம்மா