ரிச்சி தெரு அசெம்பிளி கடைக்காரர்களுக்கு: இதையும் பில்லில் எழுதுங்கள்

அன்புள்ள கடைக்காரர்களே, கடையில் நின்றபடியே மெஷின் பூட்டித் தரும் தம்பிகளே,

வணக்கம். சென்னையில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்ட நினைப்பவர்களில் பெரும்பாலோர் இன்றும் உங்கள் தெருவுக்குத்தான் வருகிறார்கள். ஆன்லைனில் விலை பார்த்துவிட்டு வருகிறவர்களும் கடைசியில் உங்கள் கடையில்தான் வாங்குகிறார்கள். காரணம் எளிது. மதர்போர்டில் ஒரு ஸ்க்ரூ குறைந்தால் டப்பாவைத் திறந்து எடுத்துத் தருகிறீர்கள். ராம் ஏறவில்லை என்றால் அங்கேயே வேறொன்றைப் போட்டுப் பார்க்கிறீர்கள். ரேடியோ, டிரான்சிஸ்டர் உதிரிப் பாகங்கள் விற்ற காலத்திலிருந்து அந்தத் தெருவுக்கு இருக்கும் பெயர் இப்படிச் சேர்ந்ததுதான். அந்தப் பெயரை மதிக்கிறவன், நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் மெஷின் கட்ட உங்களிடம் வந்து நிற்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். உங்கள் தெருவைச் சொல்லி எழுதினாலும், மற்ற ஊர்களில் அசெம்பிள் செய்து தரும் கடைகளுக்கும் இது பொருந்தும்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மெஷினை விற்கும்போது, வாடிக்கையாளர் கேட்காத பாகங்களையும் முழுப் பெயரோடு பில்லில் எழுதுங்கள். மெஷினுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எந்த மாடல், பிராசசரைக் குளிர்விக்கும் கூலர் எது, பிராசசர் தனி பாக்ஸில் வந்ததா, மொத்தமாக வரும் ட்ரேயில் வந்ததா, விண்டோஸ் எந்த உரிமத்தில் ஓடுகிறது. இவ்வளவுதான்.

வாங்க வருகிறவர் மூன்று கேள்வி கேட்பார்: என்ன பிராசசர், எத்தனை ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு என்ன. அந்த மூன்றின் விலையும் அவர் கைப்பேசியிலேயே இருக்கிறது. அதில் உங்களுக்கு லாபம் மிகக் குறைவு என்பது எனக்குத் தெரியும். எனவே, அவர் கேட்காத இடத்தில் கத்தி விழுகிறது. முதல் வெட்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு. கொட்டேஷனில் "450 வாட் எஸ்எம்பிஎஸ்" என்று மட்டும் இருக்கும். யார் செய்தது, என்ன மாடல் என்று இருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்டெல்லின் கோர் ஐ5 12400எஃப் பிராசசர் முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுக்கு 170 வாட். இரண்டும் சேர்ந்தால் 287 வாட். பெரும்பாலும் அத்தனையும் வருவது எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் லைனிலிருந்து. இப்போது அந்தப் பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், அதால் தர முடிந்தது 192 வாட்தான். மேலே கொட்டை எழுத்தில் 450 என்று இருந்து என்ன பயன்? கேம் திறந்த ஐந்தாவது நிமிடம் மெஷின் அணைந்துபோகும். அணைந்தால்கூடப் பரவாயில்லை. பாதுகாப்புச் சுற்று சரியாக இல்லாத எஸ்எம்பிஎஸ் சாகும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். முப்பதாயிரம் ரூபாய்க் கார்டு அப்படிப் போனால் அந்தக் குடும்பம் இன்னொன்று வாங்குமா?

80 பிளஸ் முத்திரை இருந்தால் போதும் என்று சில கடைகளில் சொல்கிறார்கள். அந்த முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஷார்ட் ஆனால் அணையுமா, மே மாத வெக்கையில் தாங்குமா என்பதற்கு அது சாட்சி இல்லை. மாடல் பெயர் பில்லில் இருந்தால் வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்துக்கொள்வார்.

அப்புறம் சூடு. இதுதான் நம் ஊருக்கே உரிய பிரச்சினை, இதைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

கூலர்களைச் சோதித்துக் காட்டும் வீடியோக்களில் பெரும்பாலும் அறையின் வெப்பம் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருக்கும். காற்றில் ஓடும் கூலரோ தண்ணீரில் ஓடும் கூலரோ, எதுவும் பிராசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. அறையைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்பதுதான் கூலரின் கணக்கு. 22 டிகிரி அறையில் 80 காட்டிய அதே மெஷின், ஏசி இல்லாத 37 டிகிரி அறையில் ஏறத்தாழ 95 காட்டும். இன்டெல்லின் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரையான டெஸ்க்டாப் சிப்களுக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டதும் மெஷின் அணையாது, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் ஒருவர் இன்டெல்லின் ஐ7 14700கே பிராசசர் வாங்குகிறார் என்று வையுங்கள். இதற்குப் பாக்ஸில் கூலர் வராது. முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். பட்ஜெட் முடிந்துவிட்டது என்று ஒரு சின்னக் கூலரைப் பூட்டி அனுப்புகிறோம். ஜனவரியில் நன்றாக ஓடுகிறது. முகூர்த்த மாதங்கள் வந்து, வெயிலும் வந்து, எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக்கும் ரெண்டர் பகல் முழுக்க ஓடும்போது மெஷின் இழுத்துக்கொண்டு போகிறது. "விண்டோஸ் ஸ்லோ ஆயிடுச்சு" என்று அவர் தூக்கிக்கொண்டு வருவார். நீங்கள் ஃபார்மட் அடித்துக் கொடுப்பீர்கள். ஏசி ஓடும் கடையில் சோதித்தால் நன்றாகத்தான் ஓடும். வீட்டுக்குப் போனதும் மறுபடி அதே கதை. வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்து, பத்து நிமிடம் முழு லோடு கொடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். டெலிவரிக்கு முன் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கி, வந்த எண்ணைப் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். அறை எத்தனை டிகிரி, சிப் எத்தனை டிகிரி. ஆறு மாதம் கழித்து அவர் சர்வீஸுக்கு வரும்போது அந்த எண் உங்களுக்கே உதவும்.

கேபினட் விஷயத்திலும் உங்கள் வார்த்தைக்கு எடை உண்டு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே மூன்று விளக்கு எரியும் ஃபேன், காற்று உள்ளே போக ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி. இப்படிப்பட்ட பெட்டியைப் பையன் ஆசையாகக் கேட்பான். பக்கத்திலேயே வலை போட்ட பெட்டி அதே விலையில் இருந்தால் அதை எடுத்து முன்னால் வைத்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். தூசி கொஞ்சம் கூடுதலாக ஏறும்தான். ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் போய்விடும். கட்டியவர் சொன்னால் அந்த வயதுப் பையன்கள் கேட்கிறார்கள், அப்பா சொன்னால் கேட்பதில்லை.

செலவில்லாத வழியும் இருக்கிறது. பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பகுதியில், பிராசசரின் மின்சார வரம்பைக் குறைத்து வைப்பது. ஏஎம்டியின் ரைசன் 7 7700எக்ஸ் பிராசசர் இயல்பில் 142 வாட் வரை போகும். மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ மோடில் "65 வாட்" என்ற தேர்வை எடுத்தால் 88 வாட்டில் நின்றுவிடும் (65 என்பது அந்தத் தேர்வின் பெயர், உச்ச வரம்பு 88). வேகத்தில் இழப்பு சொற்பம், சூட்டில் வித்தியாசம் பெரிது. ஏசி இல்லாத வீட்டுக்குப் போகும் மெஷின் என்றால் இதைச் செய்து கொடுப்பதே நல்ல தொழில்காரரின் அடையாளம் என்று நினைக்கிறேன்.

பயாஸ் என்றதும் இன்னொன்று. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றில் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் போய்ச் சிப்பே மெல்ல மெல்லப் பாழாகும் குறை இருந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அதற்கான மைக்ரோகோட் திருத்தங்கள் (பயாஸ் அப்டேட் வழியாகச் சிப்புக்குப் போகும் கட்டளைகள்) வந்தன. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது, மொத்தம் ஐந்து ஆண்டு. ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைத் திருத்தம் குணப்படுத்தாது. குடோனில் பழைய மதர்போர்டு இருந்தால், பயாஸைப் புதுப்பிக்காமல் இந்தச் சிப்களைப் பூட்டி அனுப்பாதீர்கள். பாக்ஸ் பிராசசரா ட்ரே பிராசசரா என்று பில்லில் எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். ட்ரே சிப் என்றால் வாங்கியவர் நேராக இன்டெல்லிடம் போக முடியாமல் உங்களிடம்தான் திரும்பி வரவேண்டியிருக்கும். அது அவருக்கு முதல் நாளே தெரிய வேண்டும்.

குழாயில் தண்ணீர் சுற்றிவந்து சூட்டை எடுக்கும் கஸ்டம் வாட்டர் லூப் போட்டுத் தரும் கடைகளும் இப்போது வந்துவிட்டன. குழாயைச் சூடாக்கி வளைத்து, ஒரு சுருக்கம் விழாமல் பொருத்தும் தம்பிகளின் கைத்திறனைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஒன்று மட்டும்: சிப்பின் மேல் உட்காரும் செம்பு பிளாக்கோடு, தண்ணீரை ஆறவைக்கும் அலுமினிய ரேடியேட்டரைக் கலக்காதீர்கள். ஒரே தண்ணீரில் இரண்டு உலோகமும் இருந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும்.

இனி எல்லோரும் வாய் திறக்கத் தயங்கும் விஷயம். விண்டோஸ்.

மெஷின் பூட்டி முடிந்ததும் ஒரு பென் டிரைவ் வருகிறது. விண்டோஸ் ஏறுகிறது. அடுத்து ஆன்டிவைரஸ் அணைக்கப்படுகிறது, உரிமம் இல்லாமலே விண்டோஸை ஏமாற்றித் திறக்கும் ஆக்டிவேட்டர் ஓடுகிறது. கூடவே ஆபீஸும் போட்டோஷாப்பும். கேட்டால் "ஃப்ரீயா போட்டுக் கொடுத்தோம்". ஆனால் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டுகிற ஒரு புரோகிராமுக்குள் வேறென்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கேஎம்எஸ்பிக்கோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரில் பரவிய போலிக் கோப்புகளில் கடவுச்சொல் திருடும் கிரிப்ட்பாட் என்ற தீநிரல் ஒளிந்திருந்தது 2021-லேயே வெளியே வந்த செய்தி. நீங்கள் கொடுக்கும் அதே மெஷினில்தான் அவர் பேங்க் கணக்கைத் திறக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தொழில் லாபத்துக்காக இல்லாமல் பயன்படுத்தினால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். ஆடிட்டர் ஆபீஸும் ஸ்டூடியோவும் அந்தச் சலுகையைக் கேட்க முடியுமா? நகல் எடுத்துப் போட்டுக் கொடுப்பவருக்கு 63-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

உரிமம் என்ற பெயரில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீயும் பெரும்பாலும் இதே வகைதான். ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த வால்யூம் உரிமத்திலிருந்து கசிந்ததாக இருக்கும். இன்று ஆக்டிவேட் ஆகும், என்றோ ஒரு நாள் நின்றுபோகும். புது மெஷினோடு சேர்த்துத் தரும் ஓஇஎம் உரிமம் என்றால் அந்த மதர்போர்டோடு முடிந்தது. தனியாக வாங்கும் ரீடெயில் உரிமம் என்றால் அடுத்த மெஷினுக்கு மாற்றிக்கொள்ளலாம். எதைக் கொடுத்தீர்கள் என்று பில்லில் ஒரு வரி இருந்தால், மூன்று வருடம் கழித்து போர்டு போகும்போது சண்டை வராது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. பழைய மெஷின்களைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வருகிறவர்கள் இன்னும் வருவார்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத போர்டில், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்பில், குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்தால் அதையும் சொல்லியே கொடுங்கள். அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் அதற்கு உத்தரவாதம் தருவதில்லை.

அந்தப் பழைய மெஷின்களுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் இருக்கிறது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையிலேயே உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உண்டு. உபுண்டு, மின்ட் உண்டு. கணக்கு எழுதும் டாலியும் போட்டோஷாப்பும் வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது, அவரிடம் இதை விற்க வேண்டாம். கோடிங் படிக்கும் மாணவருக்கும், பிரவுசரும் கடிதம் அடிப்பதும் போதும் என்கிற வீட்டுக்கும் தாராளமாகப் போதும். போட்டுக் கொடுத்து, தமிழ்99 விசைப்பலகை, பிரின்டர் எல்லாம் சரிசெய்து கொடுத்த வேலைக்கு நீங்கள் கூலி வாங்கலாம். லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் அதைத் தடுக்கவில்லை.

இதையெல்லாம் எழுதினால் பக்கத்துக் கடையின் கொட்டேஷன் இரண்டாயிரம் குறைவாக இருக்கும், ஆள் அங்கே போய்விடுவார் என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. உண்மைதான். அதில் பாதிப் பழி வாங்குகிற எங்கள்மேல். ஜிஎஸ்டி இல்லாமல் போட்டுத் தாங்க என்று கேட்பதே நாங்கள்தான். ஆனால் பில் தராமல் விடுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். ஒரு கடை தனியாகத் தொடங்கினால் நஷ்டம்தான். தெருவில் பத்துக் கடைகள் பேசி வைத்து ஒரே நாளில் தொடங்கினால், விவரம் இல்லாத கொட்டேஷனைப் பார்த்து "இதில் எஸ்எம்பிஎஸ் பேர் இல்லையே" என்று வாடிக்கையாளரே கேட்கத் தொடங்குவார்.

ஜூனில் கல்லூரி திறக்கும் நேரம் உங்களுக்குப் பெரிய சீசன். அதற்குள் உங்கள் பில் மென்பொருளில் இந்த நான்கு வரிகளைக் கட்டாயப் புலமாகச் சேர்த்துவிடுங்கள். எஸ்எம்பிஎஸ், கூலர், பாக்ஸா ட்ரேயா, உரிமம். நிரப்பாமல் பில் அச்சாகக் கூடாது. அதைச் செய்கிற கடைகளின் பெயரை என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லி அனுப்புவேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்