கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்

பள்ளி நிர்வாகிகளுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் ஓர் ஆசிரியை. என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. காலையில் நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீர் பாட்டில், மாலை மணி அடிக்கும்போதும் கழுத்து வரை அப்படியே இருக்கும். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். “குடிச்சா போகணும்ல மிஸ்” என்றது. மாணவர் கழிப்பறையில் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். மாணவியர் பக்கம் போக அனுமதி இல்லை. பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒத்துப்போகாத பிள்ளைக்குத் திருநர் பிள்ளை என்று நாம் பெயர் வைக்கிறோம். அந்தப் பிள்ளை தன்னை எந்தப் பெயராலும் சொல்லிக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

அதே தளத்தில் மாணவியர் கழிப்பறையின் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஒருத்தி போனால், வெளியே அவள் தோழி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தோழி வராத நாளில், மாதவிலக்காக இருந்தாலும் அவள் போகமாட்டாள்.

இரண்டு பேரும் அடக்கிக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் சிறுநீர்த் தொற்று வரலாம். ஆனால் திருநர் பிள்ளை எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்று பெரியவர்கள் விவாதிக்க உட்கார்ந்தால், இந்த இருவரையும்தான் எதிரெதிர் அணியில் நிறுத்துகிறோம்.

நீதிமன்றம் முடிவு சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். அமெரிக்காவில் திருநர் மாணவர் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்ற கேள்விக்கு 2020-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2022-இல் இன்னொன்று பள்ளி வாரியத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்ற சொல் பிறப்பின் பாலினத்தையே குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொன்னது. அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. இந்தியாவில் திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி, பள்ளிப் பாடநூல்களைத் தயாரிக்கும் ஒன்றிய அரசு அமைப்பான என்சிஇஆர்டி 2021-இல் வெளியிட்ட ஆசிரியர் கையேடு, எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து காணாமல் போனது. இவை எல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது பிள்ளைகள் வளர்ந்து பள்ளியை விட்டே போய்விடுகிறார்கள்.

வழி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் 2012 பள்ளி வளாக விதிகள், 8 வயதான பிள்ளைகளிலிருந்து ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கின்றன. உள்ளிருந்து பூட்டக்கூடிய, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் புழங்கும் அறை என்றால் மட்டும் விலக்கு. எனக்கு இது சரி என்று படுகிறது. மாணவியர் கழிப்பறை மாணவியருக்கே இருக்கட்டும். அதை எடுத்துப் பொதுவாக்காதீர்கள். மேலும் கீழும் இடைவெளி விட்ட தட்டிகளை வைத்துக்கொண்டு பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவது யாருக்கும் நல்லதில்லை. அதோடு, தரையிலிருந்து கூரை வரை சுவர் எழுப்பி, உள்ளேயே தண்ணீர்க் குழாயும் குப்பைக்கூடையும் வைத்த தனியறைகளைக் கட்டுங்கள்.

தனியறை ஒதுக்கி வைப்பதாகிவிடாதா என்று கேட்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடைபாதைக் கோடியில் ஒரே ஓர் அறையைக் காட்டி “உனக்கு அது” என்றால் அது ஒதுக்கிவைப்பதுதான். அதனால் ஒன்றுக்கு மேல் கட்டுங்கள். யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் போகட்டும். கூச்சப்படும் பிள்ளை, வயிறு சரியில்லாத பிள்ளை, எல்லோரும். உடை மாற்றும் அறைக்கும் இதேதான்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால், உங்கள் பள்ளியின் ஒவ்வொரு கழிப்பறைக்குள்ளும் போய்க் கதவைச் சாத்தி, தாழ் போட்டுப் பாருங்கள். எத்தனை கதவு பூட்டிக்கொள்கிறது என்று கூட்டக் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை